பாஸ் போட்: பிராண்டுக்கு முன்னாடி அடிப்பக்கத்தைப் பாருங்க



போன மாசம், இன்டர்னல் டெஸ்டுக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு அமெரிக்காவுல இருந்து ஒரு வீடியோ கால். பெரியப்பா பையன். ஒஹாயோ மாநிலத்துல, கிளீவ்லேண்டு பக்கம் ஐ.டி. வேலை. "டேய் தம்பி, நீ மெக்கானிக்கல் தானே? பழைய பாஸ் போட் மூணு பாத்து வச்சிருக்கேன். மூணும் வேற வேற பிராண்டு. எது நல்லதுன்னு சொல்லு."

நான் வாழ்க்கையில ஏறின ஒரே போட் ஏற்காடு ஏரியில மிதிச்சு ஓட்டுற படகு. ஆனா விஷயம் விளையாட்டு இல்ல. போன செப்டம்பர்ல அண்ணனோட கூட வேலை பாக்கிற ஒருத்தர் இவங்க குடும்பத்தை ஈரி ஏரிக்கு தன் போட்ல கூட்டிட்டுப் போயிருக்கார். திரும்பும்போது காத்து ஏறிடுச்சு. ஒரு அலையில போட் எகிறி விழுந்ததுல சின்னக் குட்டி முன் சீட்ல மோதி, தாடையில நாலு தையல். அன்னையில இருந்து அண்ணி போட் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறாங்க.

அன்னைக்கும் கேமராவுக்குப் பின்னாடி இருந்து அவங்க குரல் மட்டும் கேட்டுச்சு: "பிராண்டு எல்லாம் இருக்கட்டும். மெதுவா ஓட்டினா போதாதா?" அண்ணனும் நானும் சிரிச்சுட்டோம். அந்தக் கேள்விக்கு விடை தேடி மூணு வாரம் படிச்சதுதான் இந்தக் கட்டுரை. நாம மூணாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி மறந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஒரு குழந்தையோட தாடைக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

பாஸ் போட்னா என்ன?

இந்த பாஸ், ஆபீஸ் பாஸ் இல்ல. பாட்டுல அதிருற பேஸும் இல்ல. வட அமெரிக்க ஏரிகள்ல வாழுற ஒரு நன்னீர் மீன். பெரிய வாய் பாஸ், சின்ன வாய் பாஸ்னு ரெண்டு வகை பிரபலம். ஈரி ஏரி சின்ன வாய் பாஸுக்குப் பேர் போனது.

இந்த மீனுக்காகவே ஒரு படகை முதல்ல உருவாக்கினவர்னு பொதுவா சொல்லப்படுறவர் ஹோம்ஸ் தர்மண்ட். 1948-ல, லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்ல. தும்பிக்கு அந்த ஊர்ப் பக்கம் இருக்கிற வட்டாரப் பேர்ல இருந்துதான் அந்தப் படகுக்கு ஸ்கீட்டர்னு பேர் வந்துச்சு. 1967-ல ரே ஸ்காட் ஆர்கன்சாஸ்ல இருக்கிற பீவர் ஏரியில ஒரு பெரிய பாஸ் பிடிக்கிற போட்டி நடத்தினார். அடுத்த வருஷம் அதே மாநிலத்துல, ஃப்ளிப்பின்ங்கிற சின்ன ஊர்ல ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் கம்பெனியை ஆரம்பிச்சார்.

போட்டின்னு வந்ததும் வேகம் முக்கியமாச்சு. காலையில யார் முதல்ல மீன் இருக்கிற இடத்துக்குப் போறாங்களோ அவங்களுக்கு லாபம். அப்படியே வளர்ந்து வந்ததுதான் இன்னைக்கு நாம பாக்கிற வடிவம்: சுமார் 18 முதல் 21 அடி நீளம், கிட்டத்தட்ட 8 அடி அகலம், பின்னாடி 250 குதிரைத்திறன் வரைக்கும் அவுட்போர்டு மோட்டார், மேல நின்னு தூண்டில் வீச தட்டையான மேடை, தண்ணிக்குப் பக்கத்துலேயே இருக்கிற தாழ்வான பக்கச் சுவர். பெரிய மாடல்கள் மணிக்கு 70 மைல் போகும். புதுசா எடுத்தா மோட்டார், டிரெய்லரோட ஒரு லட்சம் டாலரைத் தாண்டுற மாடல்களும் இருக்கு.

இந்த வடிவத்தை ஒரு நிமிஷம் மனசுல நிறுத்துங்க. வேகத்துக்கும், நின்னு தூண்டில் போடுறதுக்கும் செஞ்சது. தாழ்வான சுவர்னா காத்து படகை இழுக்காது, மீனைத் தூக்கறதும் சுலபம். அலை உள்ள வர்றதும் சுலபம்.

ஈரி ஏரி ஏன் அடிக்குது?

ஏரின்னதும் நம்ம ஊர் ஏரியை நினைக்காதீங்க. ஈரி சுமார் 388 கிலோமீட்டர் நீளம். அதுவும் தென்மேற்கு - வடகிழக்கா நீட்டிப் படுத்திருக்கு. தென்மேற்குக் காத்து அடிச்சா அதுக்கு ஏரி முழுசும் ஓடுபாதை. அலை வளர அந்த ஓடுதூரம் வேணும்.

இன்னொரு பக்கம், ஐம்பெரும் ஏரிகள்லயே ஆழம் கம்மி இதுக்குத்தான். சராசரி 19 மீட்டர். அதனால காத்து எழுந்தா சீக்கிரமே தண்ணி கலைஞ்சுடும். கடல்ல வர்ற மாதிரி நீளமா, சோம்பேறியா வர்ற அலை இல்ல. குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வர்ற அலை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 3 வினாடிக்கு ஒரு அலை வருதுன்னு வைங்க. ஆழமான தண்ணியில அலையோட நீளம் = 1.56 × கால அளவின் வர்க்கம். அதாவது 1.56 × 9 = 14 மீட்டர். அலை நகர்ற வேகம் வினாடிக்கு 4.7 மீட்டர். நம்ம போட் 30 மைல் வேகத்துல, அதாவது வினாடிக்கு 13.4 மீட்டர்ல எதிர்த்துப் போனா, சேர்ந்த வேகம் 18.1. அதை 14-ஆல வகுத்தா 1.3. வினாடிக்கு ஒண்ணே கால் அடிக்கு மேல! அரை மணி நேரப் பயணத்துல 2,300-க்கும் அதிகமான அடி. முதுகுக்கும் சரி, போட்டுக்கும் சரி, இது ஃபெட்டீக் டெஸ்ட் மாதிரிதான்.

அடிப்பக்கத்தோட பாகங்கள்

பிராண்டை ஒப்பிடுறதுக்கு முன்னாடி அஞ்சு வார்த்தை தெரிஞ்சுக்கணும்.

டெட்ரைஸ்: போட்டைப் பின்னாடி இருந்து பாத்தா அடிப்பக்கம் 'வி' மாதிரி தெரியும். அந்த வி எவ்வளவு சாய்வுங்கிறதுதான் டெட்ரைஸ் கோணம். தட்டையான அடின்னா 0 டிகிரி. கடலுக்குப் போற ஆழமான வி படகுகள்ல பின்பக்கம் 20 முதல் 24 டிகிரி. பாஸ் போட்கள் பெரும்பாலும் அதை விடக் குறைவு.

பேட்: அந்த வி-யோட நுனியில, பின்பக்கம், ஒரு சின்ன தட்டையான பட்டை. அதிவேகத்துல போட் முழுசும் மேல எழும்பி இந்தப் பட்டையில மட்டும் ஓடும். தண்ணி தொடுற பரப்பு குறைஞ்சா உராய்வு குறையும். பாஸ் போட்டோட வேக ரகசியம் இதுதான்.

சைன்: கணக்குல வர்ற சைன் தீட்டா இல்ல. அடிப்பக்கமும் பக்கச் சுவரும் சேர்ற விளிம்பு. தண்ணியை வெளிப்பக்கம் தள்ளி, தெறிக்காம பாத்துக்கிறது இதோட வேலை.

டிரான்ஸம்: மோட்டார் தொங்குற பின்சுவர்.

டிரிம்: ஓடும்போது போட்டோட மூக்கு எவ்வளவு மேல தூக்கியிருக்குங்கிற கோணம். மோட்டார்ல இருக்கிற டிரிம் பட்டனால இதை ஓட்டுறவர் மாத்தலாம்.

எவ்வளவு அடி விழும்? ஒரு சூத்திரம்

நியூ ஜெர்சியில ஸ்டீவன்ஸ் கல்லூரியோட டேவிட்சன் ஆய்வகத்துல வேலை பாத்த டேனியல் சவிட்ஸ்கி, தண்ணி மேல சறுக்கிப் போற படகுகளுக்கான கணக்கை 1964-ல வெளியிட்டார். 1976-ல அவரும் பிரவுனும் சேர்ந்து, அலையில அந்தப் படகு எவ்வளவு முடுக்கத்தோட அடி வாங்கும்னு ஒரு சூத்திரம் கொடுத்தாங்க. தொட்டியில மாதிரிப் படகுகளை ஓட்டிக் கிடைச்ச அளவுகள்ல இருந்து வந்தது. முழு சூத்திரத்தையும் எழுதாம, எது எதைப் பொறுத்ததுன்னு மட்டும் சொல்றேன்.

1. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி அடி கூடும்.
2. டிரிம் கோணத்துக்கு நேர் விகிதத்துல கூடும்.
3. (5/3 − டெட்ரைஸ்/30) என்ற அளவால பெருக்கணும். அதாவது வி கூர்மையா இருந்தா அடி குறையும்.
4. எடைக்குத் தலைகீழ் விகிதம். கனமான போட் அலையில குறைவாத்தான் துள்ளும்.
5. அலை உயரமும் படகோட அகலமும் கூடினா அடியும் கூடும்.

21 அடி போட்டுக்கு இந்தச் சூத்திரம் சுமார் 30 மைல் வேகம் வரைக்கும் பொருந்தும். அலை இருக்கும்போது யாரும் அதுக்கு மேல போகக் கூடாதுங்கிறதால நமக்கு இது போதும். இதை விகிதம் பாக்க மட்டும் பயன்படுத்துவோம்.

கேள்வி 1: டெட்ரைஸ் 14 டிகிரி இருக்கிற ஒரு போட், 18 டிகிரி இருக்கிற இன்னொரு போட். மத்ததெல்லாம் ஒண்ணு. வித்தியாசம் எவ்வளவு? முதல் போட்டுக்கு 1.667 − 0.467 = 1.2. ரெண்டாவதுக்கு 1.667 − 0.6 = 1.067. சுமார் 11 சதவீதம் குறைவு.

கேள்வி 2: ஒரு போட் இன்னொண்ணை விட 10 சதவீதம் கனம். அடி 9 சதவீதம் குறைவு.

கேள்வி 3: ஒரே போட். ஓட்டுறவர் மூக்கை 5 டிகிரியில இருந்து 4 டிகிரிக்கு இறக்குறார். 20 சதவீதம் குறைவு.

கேள்வி 4: ஒரே போட். வேகத்தை 30-ல இருந்து 25 மைலுக்குக் குறைக்கிறார். 25/30-இன் வர்க்கம் 0.69. அதாவது 31 சதவீதம் குறைவு. 20 மைலுக்கு வந்தா 56 சதவீதம் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சப்ப எனக்கு அண்ணியோட குரல்தான் ஞாபகம் வந்துச்சு. 14 டிகிரிக்குப் பதிலா 18 டிகிரி போட் வாங்குறதுல கிடைக்கிற 11 சதவீத லாபத்தை, 30 மைலுக்குப் பதிலா 28.3 மைல்ல போயே எடுத்துடலாம். பல ஆயிரம் டாலர் வித்தியாசம் வெறும் 1.7 மைல் வேகத்துல அடங்கிடுது.

அப்ப எந்த போட்டா இருந்தா என்ன?

இங்கதான் நானும் முதல்ல தப்பா முடிவு எடுத்தேன். "மெதுவா போ, எந்த போட்டும் ஓகே"ன்னு அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சுது. இந்த மாதிரி படகை இஷ்டத்துக்கு மெதுவா ஓட்ட முடியாது.

ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலதான் போட் தண்ணி மேல எழும்பி சறுக்கும். அதை பிளேன்ல இருக்குன்னு சொல்வாங்க. அந்த வேகத்துக்குக் கீழ வந்தா பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பாக்கும். முன்னாடி என்ன வருதுன்னு தெரியாது. பின்னாடி சுவர் தாழ்வா இருக்கிறதால அலை அந்தப் பக்கம் ஏறும். அதுக்கும் கீழ, நடக்கிற வேகத்துக்கு வந்தா நிலையா இருக்கும், ஆனா கரைக்கு வர மணிக்கணக்கு ஆகும்.

ஆக, ஒரு பாஸ் போட் அலையில எப்படின்னு கேட்டா, அதிகபட்ச வேகம் என்னன்னு கேக்கிறதுல பிரயோஜனம் இல்ல. கேக்க வேண்டியது இதுதான்: முழு எரிபொருள், முழு ஆளுங்க, சாமான் எல்லாம் ஏத்தின பிறகு, எவ்வளவு குறைஞ்ச வேகத்துல இது பிளேன்லயே நிக்கும்? 18 மைல்ல நிக்கிற போட்டும் 25 மைல்ல விழுந்துடற போட்டும் ஒண்ணு இல்ல. 18-இன் வர்க்கம் 324, 25-இன் வர்க்கம் 625. கிட்டத்தட்ட பாதி அடி!

இதுல ஒரு முரண் இருக்கு. கூர்மையான வி, அதிக எடை ரெண்டும் அடியை மென்மையாக்கும். ஆனா பிளேன்ல நிக்க அதிக வேகம் கேக்கும். தட்டையான, லேசான அடி சீக்கிரம் எழும்பும். ஆனா ஒவ்வொரு அலையும் அறையும். நீளம் கூடினா ரெண்டு அலைக்கு நடுவுல மூக்கு விழாம பாலம் மாதிரி நிக்கும். டிசைனர் இதுக்கு நடுவுல எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்ங்கிறதுதான் பிராண்டுகளுக்குள்ள நிஜமான வித்தியாசம்.

ஓட்டும்போது இன்னும் ரெண்டு ஆபத்து. ஒண்ணு, மூக்கு குத்துறது. பின்னாடி இருந்து வர்ற அலையில இறங்கும்போது, மூக்கு முன்னாடி இருக்கிற அலைக்குள்ள ஈட்டி மாதிரி சொருகும். நம்ம டிரிம் கணக்கைப் பாத்துட்டு எப்பவும் மூக்கை இறக்கி வச்சா இந்த இடத்துல மாட்டிக்குவோம். எதிர் அலைக்கு மூக்கைக் கொஞ்சம் இறக்கணும். பின் அலைக்கு ஏத்தணும். ரெண்டாவது, சைன் வாக். அதிவேகத்துல அந்தச் சின்ன பேட் மேல மட்டும் நிக்கும்போது போட் இடதும் வலதுமா ஆட ஆரம்பிக்கும். ஒத்தைக் கால்ல நிக்கிற மாதிரி. உடனே வேகத்தைக் குறைக்கிறதுதான் வழி.

பிராண்டுகள்

ஸ்கீட்டர்: முதல் பாஸ் போட்டோட பேரை இன்னும் சுமக்கிற பிராண்டு. டெக்சாஸ்ல கில்கோர்ல தயாராகுது, யமஹா கையில இருக்கு. இவங்க பெரிய மாடல்கள் அகலமும் கனமும் உள்ளவை. அலையில மென்மையா போகும்னு மீன் பிடிக்கிறவங்க மத்தியில பேர். கனம் செய்யுற வேலையைத்தான் மேல நாலாவது புள்ளியில பாத்தோம்.

ரேஞ்சர்: உள்ள முழுக்க நுரை நிரப்பி, தண்ணி புகுந்தாலும் கவிழாம மட்டமா மிதக்கிறதை ஆரம்ப காலத்துல இருந்தே முன்னிறுத்தின பிராண்டு. டிரெய்லரும் இவங்களே செய்யுறாங்க. பழைய போட்டுக்கும் நல்ல விலை கிடைக்கும்.

நைட்ரோ: பாஸ் புரோ ஷாப்ஸ் ஜானி மோரிஸோட பிராண்டு. 1978-ல அவர் டிராக்கர்ங்கிற பேர்ல போட், மோட்டார், டிரெய்லர் மூணையும் ஒரே விலையில சேர்த்து விக்க ஆரம்பிச்சார். அதே வழிதான் நைட்ரோவும். விலைக்கு ஏத்த மதிப்புங்கிறது இதோட பலம்.

பாஸ் கேட்: 1971-ல ஆர்கன்சாஸ் மாநிலத்து மவுண்டன் ஹோம்ல ஆரம்பிச்சது. வேகத்துக்கும் வேலைப்பாட்டு நேர்த்திக்கும் பேர் வாங்கினது.

டிரைட்டன், ஸ்ட்ராடோஸ், கேமஸ்: இந்த மூணையும் ஒரே வரியில போட்டதுக்குக் காரணம் இருக்கு. மூணையும் ஆரம்பிச்சவர் ஒரே ஆள், முன்னாள் படகுப் பந்தய வீரர் ஏர்ல் பென்ட்ஸ். 1983-ல ஸ்ட்ராடோஸ், 1996-ல டிரைட்டன், 2018-ல கேமஸ்.

இது ரொம்ப முக்கியம். டிசைனர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொண்ணுக்குப் போறார். ஸ்டிக்கர் மட்டும் பின்னாடியே தங்கிடுது. முதலாளிகளும் மாறுறாங்க. ஒரு காலத்துல ரேஞ்சரை வச்சிருந்த ஜென்மார் 2009-ல திவால் மனு கொடுத்தது. 2014 இறுதியில ரேஞ்சர், டிரைட்டன், ஸ்ட்ராடோஸ் மூணையும் நைட்ரோ இருக்கிற அதே குழுமம் வாங்கறதா அறிவிச்சுது. அதனால "ரேஞ்சரா நைட்ரோவா"ன்னு ரெண்டு பேர் சண்டை போட்டா, ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுறாங்கன்னு அர்த்தம். பழைய போட் வாங்கும்போது பிராண்டு பேர் மட்டும் பத்தாது; எந்த வருஷம், எந்த மாடல்ங்கிறதும் வேணும்.

தரம்னா எதைப் பாக்கணும்?

பளபளப்பு ஜெல்கோட்ல இருக்கு; பலம் அதுக்குக் கீழ இருக்கு. பாக்க வேண்டிய இடங்கள் இவை.

டிரான்ஸம். 250 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 500 பவுண்ட். ஜாக் பிளேட்டோட சேர்த்து அதோட எடை மையம் டிரான்ஸத்துல இருந்து 2 அடி தள்ளி இருக்குன்னு வைங்க. சும்மா நிக்கும்போதே 1,000 அடி-பவுண்ட் திருப்புவிசை. அலையில 4 ஜி அடி விழுந்தா 4,000. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல வர்ற கேண்டிலீவர் பீம் இதேதான். பழைய போட்கள்ல டிரான்ஸத்துக்குள்ள பிளைவுட் இருக்கும். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கினா உள்ளேயே உளுத்துப் போகும். பிறகு வந்தவற்றுல பலர் காம்போசிட்டுக்கு மாறிட்டாங்க. டெஸ்ட் ரொம்ப சுலபம்: மோட்டாரோட கீழ் நுனியைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க, இன்னொருத்தர் டிரான்ஸத்தைப் பாக்கட்டும். சுவர் வளைஞ்சா வேண்டாம்.

ஸ்ட்ரிங்கர். அடிப்பக்கத்துக்கு உள்ள நீளவாக்குல ஓடுற விலா எலும்பு. இது அடியோட பிணைப்பு விட்டுப் போனா, அலையில ஓடும்போது தரை அதிரும். மேடை மேல நடந்து பாருங்க. எங்கயாவது மெத்து மெத்துன்னு அமுங்கினா சந்தேகப்படுங்க.

அடிப்பக்கம். ஒரு காசை வச்சுத் தட்டிக்கிட்டே வாங்க. டங்குன்னு கேட்டா திடம். ஓரிடத்துல மட்டும் மந்தமா கேட்டா அடுக்கு பிரிஞ்சிருக்கலாம். பானை வாங்கும்போது நம்ம பாட்டி தட்டிப் பாப்பாங்கல்ல, அதே டெக்னிக்! டிரான்ஸம் மூலைகள்ல சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தா விலை பேசுறதுக்கு முன்னாடி விசாரிங்க.

மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ற இடம். பாஸ் போட் ரெண்டு அச்சுல தனித்தனியா வார்த்து, செருப்புப் பெட்டிக்கு மூடி போடுற மாதிரி சேர்க்கிறது. சுத்தி ஓடுற ரப்பர் பட்டைக்குக் கீழ அந்த இணைப்பு ஒளிஞ்சிருக்கும். பட்டை எங்கயாவது பிதுங்கியிருந்தா உள்ள இணைப்பு நகர்ந்திருக்கலாம்.

பில்ஜ் பம்ப். உள்ள புகுந்த தண்ணியை வெளியேத்துற மோட்டார். ஸ்விட்சைப் போட்டுக் கேளுங்க. ஓடலைன்னா அந்த ஓனர் மத்ததையும் எப்படிப் பாத்துக்கிட்டிருப்பார்னு புரிஞ்சுடும்.

20 அடி விதி

படிச்சதுலயே என்னை நிறுத்தி வச்ச விஷயம் இது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையோட விதிப்படி, 20 அடிக்குக் குறைவான படகுகளுக்குத்தான் எத்தனை பேர், எவ்வளவு எடைன்னு சொல்ற தகடு கட்டாயம். தண்ணி புகுந்தாலும் மிதக்கிற அளவு நுரை இருக்கணும்ங்கிற விதியும் அதே 20 அடிக்குக் கீழதான். அண்ணன் பாத்து வச்ச மூணுமே 20-ல இருந்து 21 அடி!

பெரும்பாலான நல்ல கம்பெனிகள் இந்த நீளத்துக்கும் தாங்களாவே நுரை வைக்கிறாங்க, தகடும் ஒட்டுறாங்க. ஆனா அது அவங்க விருப்பம், சட்டம் இல்ல. "பெரிய போட், அதனால பாதுகாப்பு"ன்னு நாம நினைக்கிற இடத்துலதான் சட்டம் கையை எடுத்துடுது. எனக்கு பிராண்டு உண்மையிலேயே பெருசா தெரிஞ்ச இடம் இதுதான். கட்டாயம் இல்லாதப்பவும் யார் செய்யுறாங்கன்னு பாருங்க.

இன்னொண்ணு கட்டாயம். 2021 ஏப்ரல் 1-ல இருந்து, 26 அடிக்குக் குறைவான போட் பிளேன்ல ஓடும்போது, ஓட்டுறவர் மோட்டாரை நிறுத்துற கயிறை உடம்போட இணைச்சிருக்கணும். அவர் தூக்கி வீசப்பட்டா மோட்டார் நின்னுடும்.

அண்ணனுக்கு நான் அனுப்பினது

கடைசியா ஒரு பக்கத்துல சுருக்கி அனுப்பினேன்.

1. காத்து இல்லாத நாள்ல ஓட்டிப் பாக்காதே. ஒரு அடி அலையாவது இருக்கிற நாள்ல, முழு டேங்க், நாலு பேர் எடையோட ஓட்டிக் காட்டச் சொல்லு.
2. மெல்ல மெல்ல வேகத்தைக் குறை. எந்த வேகத்துல பிளேன்ல இருந்து விழுதுன்னு குறிச்சுக்கோ. மூணு போட்லயும் அதே மாதிரி செய்.
3. டிரான்ஸம், காசு டெஸ்ட், பில்ஜ் பம்ப். இதுல ஒண்ணு தோத்தாலும் அடுத்த போட்டுக்குப் போ.
4. நுரை இருக்கா, தகடு இருக்கா, கேள்.
5. ஒரு தடவை பாஸ் போட் இல்லாத போட்டையும் பாரு. சுவர் உயரமா, மூக்கு ஆழமா, லண்ட் மாதிரி கம்பெனிகள் செய்யுற ஆழமான வி அலுமினிய போட். 70 மைல் போகாது. ஆனா குழந்தைங்க உள்ள உக்காரலாம். பாஸ் போட்ல மாதிரி மேல உக்கார வேண்டியதில்ல.

அஞ்சாவது பாயிண்டைப் பாத்துட்டு அண்ணனுக்குக் கோபம். "கேட்டது என்ன, சொல்றது என்ன?" ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அவரே கூப்பிட்டார். முதல் போட்டோட ஓனர் காத்துல ஓட்டிக் காட்ட மாட்டேன்னுட்டார். ரெண்டாவதுல டிரான்ஸம் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஆடுச்சாம். மூணாவது, நாலு பேரோட 19 மைல் வரைக்கும் பிளேன்லயே நின்னுச்சாம். "அதையும் அலுமினியத்தையும் ரெண்டையும் பாத்துட்டுத்தான் முடிவு"ன்னார். இன்னும் முடிவு பண்ணல.

போனை அண்ணி வாங்கினாங்க. "நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே?"

சொன்னேன். "நீங்க சொன்னதுதான் அண்ணி சரி. 30-க்குப் பதிலா 20-ல போனா பாதிக்கு மேல அடி குறையும். ஆனா 20-ல போக விடுற போட்டா இருக்கணும். அதைத்தான் அண்ணன் இப்ப தேடிட்டு இருக்கார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வாங்கட்டும். ஆனா ஸ்பீடாமீட்டர் தெரியற சீட்ல நான்தான் உக்காருவேன்"னாங்க.

நண்பர்களே, செமஸ்டர் சூத்திரங்களை எங்க பயன்படுத்தப் போறோம்னு நாம எத்தனை தடவை புலம்பியிருப்போம். உங்க வீட்டுலயும் யாராவது ஒரு பைக், ஒரு பம்ப், ஒரு லிஃப்ட் பத்திக் கேக்கும்போது, பிராண்டு பேரை உடனே சொல்லிடாதீங்க. ஒரு பேப்பர் எடுங்க. எது எதைப் பொறுத்ததுன்னு எழுதுங்க. அப்புறம், வீட்டுல சிரிச்சுட்டுத் தள்ளின கேள்வி ஏதாவது இருந்தா, அதுல இருந்து ஆரம்பிங்க.